கடைசி ஆறு மைல்

ஹார்ட்விக், தெற்கு டகோட்டா
பிப்ரவரி 20, 2006

அன்புள்ள அண்ணா,

போன் போட்டுத் திட்டலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் நம் ரயில் வாரியத்தில் இருப்பதே மாவட்டத்துக்கு ஒருவராக மூன்று பேர். அதில் இரண்டு பேர் ரயிலைப் பற்றிப் பேசிக்கொண்டாலே அது கூட்டம், கூட்டம் என்றால் முந்தின நாளே அறிவிப்பு ஒட்டி ஊரைக் கூப்பிட வேண்டும் என்று வக்கீல் போன வருடமே தலையில் அடித்துக்கொண்டு சொன்னார். கடிதம் பேச்சில் சேராது என்று நினைக்கிறேன். அதனால் எழுதுகிறேன்.

பதினான்காம் தேதி மற்றவர்கள் காதலர் தினம் என்று வீட்டில் சாக்லேட் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். நீ என் மாவட்டத்தில் இருக்கிற பத்தொன்பது மைல் தண்டவாளத்தையும் பெயர்த்து விற்றுவிடலாம் என்று தீர்மானம் கொண்டுவந்தாய். அதோடு நிறுத்தினாயா? "வருஷத்துக்கு நூறு வேகன் போகாத பாதை. எங்க மார்லிஸ் அதைப் பொம்மை ரயில் மாதிரி வச்சு விளையாடிக்கிட்டு இருக்கா" என்றாய். உன் மாவட்டத்துக்காரர்கள் சிரித்தார்கள். என் ஊர்க்காரர்கள் என் முகத்தைப் பார்த்தார்கள்.

ஹார்ட்விக் தானியக் கிடங்கில் அந்த ரயிலை நம்பி நாலு பேர் வேலை செய்கிறார்கள். தண்டவாளம் போனால் கிடங்கு போகும். கிடங்கு போனால் கோதுமையை நாற்பது மைல் லாரியில் கொண்டுபோக வேண்டும். லாரி போகிற ஊரில்தான் சனங்கள் டீசலும் மளிகையும் வாங்குவார்கள். இந்த ஊரில் அப்புறம் சர்ச்சும் நானும்தான் மிச்சம்.

ஏப்ரல் 11 ஓட்டெடுப்பு. நீ ஒரு பக்கம், நான் ஒரு பக்கம். நடுவில் மாட்டு டாக்டர் ஸ்வோபோடா, கழுவுகிற மீனில் நழுவுகிற மீன். அவர் எந்தப் பக்கம் விழுவார் என்று அவர் மனைவிக்கே தெரியாது. அதுவரை ஞாயிற்றுக்கிழமைச் சாப்பாட்டுக்கு என்னை எதிர்பார்க்காதே.

மார்லிஸ்


ப்ராண்ட்
பிப்ரவரி 27

அன்புள்ள மார்லிஸ்,

பொம்மை ரயில் என்று சொன்னது சிரிக்க வைக்கத்தான், சிரித்தார்கள், அதற்கு வருத்தமில்லை என்று எழுதி வைத்திருந்தேன். உன் அண்ணி லவோன் படித்துவிட்டு, "இதை அனுப்பினா இன்னிக்கு உனக்குச் சாப்பாடு கிடையாது, தங்கச்சியை நாலு பேர் முன்னாடி அப்படிப் பேசற ஆளுக்கு நான் சமைக்க மாட்டேன்" என்றாள். ஆகையால் கொஞ்சம் வருத்தம்.

இப்போது நான் சொல்வதைக் கேள். என் பக்கத்தில் இருக்கிற மில் ஆற்றுப் பாலத்தைப் போன வாரம் கீழே இறங்கிப் பார்த்தேன். மூன்றாவது தூணில் பேனாக்கத்தியைக் குத்தினேன். கைப்பிடி வரைக்கும் இறங்கியது. கேக்கில் இறங்குவது கூட அவ்வளவு சுலபமில்லை. ரயில் ஓட்டுகிற கம்பெனிக்காரன் எழுத்திலேயே கொடுத்துவிட்டான்: அக்டோபருக்குள் சரிசெய்யாவிட்டால் பாலத்தைத் தாண்டி எஞ்சின் வராது. பாலம் போனால் உன் ஹார்ட்விக்குக்கு மட்டும் அல்ல, டாக்டர் மாவட்டத்துக்கும் ரயில் கிடையாது. தலை போனபிறகு வாலை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

பாலத்துக்கு வாரியத்திடம் இருப்பது போதாது. மூன்று மாவட்டமும் கை விரித்தாகிவிட்டது. விற்கக்கூடியது இரும்பு ஒன்றுதான். உன் மாவட்டத்து இரும்பு என்பது என் குற்றமில்லை.

வெர்லின்


ஹார்ட்விக்
மார்ச் 8

அன்புள்ள அண்ணா,

நம்பாமல் இல்லை, ஆனாலும் போய்ப் பார்த்தேன். பனி கணுக்கால் வரை இருந்தது. ஹேர்பின்னால் குத்தினேன், அதுவும் இறங்கியது. பாலத்தைப் பற்றி நீ சொன்னது சரி. அதை எழுதுவதற்குள் இரண்டு தாளைக் கிழித்துப் போட்டேன்.

ஆனால் பாலத்தைக் காப்பாற்றுவது எதற்கு? பாதைக்காக. பாதையை விற்றுப் பாலம் கட்டுவது, மாட்டை விற்றுத் தொழுவம் கட்டுகிற கதை. கிடங்கு மேலாளர் நேற்று என்னிடம், "அம்மா, எனக்குச் சொல்லிடுங்க, நான் வேற வேலை தேடணுமா வேண்டாமா? எதுவா இருந்தாலும் பரவாயில்ல, தெரிஞ்சாப் போதும்" என்றார். இரண்டு குழந்தைகள். பெரியவள் இந்த வருடம்தான் பள்ளியில் சேர்ந்தாள்.

மொத்தத்தையும் பெயர்க்காமல் வேறு வழியே இல்லையா? நீ கணக்கில் கெட்டிக்காரன். யோசி.

மார்லிஸ்


ப்ராண்ட்
மார்ச் 15

அன்புள்ள மார்லிஸ்,

யோசித்தேன்.

ஹார்ட்விக்கோடு பாதை முடியவில்லை. அதற்கு வடக்கே இன்னும் ஆறு மைல் இருக்கிறது. அந்தக் கோடியில் வேகன் ஏற்றுவது ஒரே ஒரு ஆள், ஆர்டெல். சூரியகாந்தி போடுகிறவள். கிடங்குக்காரனுக்குத் தரகு கொடுக்க மனமில்லாமல், தானே வேகன் வரவழைத்து, தன் இயந்திரத்தை வைத்துத் தானே ஏற்றி அனுப்புகிறாள். அந்த ஆறு மைலை மட்டும் பெயர்த்துப் பழைய இரும்புக்குப் போட்டால் பாலத்தில் பாதி வேலை முடியும். மீதிக்கு மரத்தால் முட்டுக் கொடுத்து ஐந்தாறு வருடம் தள்ளலாம். உன் ஹார்ட்விக் தப்பிக்கும். நான் என் தீர்மானத்தைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். நாம் இருவரும் ஒரே பக்கம் என்றால் டாக்டர் தானாக வந்து சேருவார்.

ஒரு சங்கடம். ஆர்டெலுக்குத் தெரிந்தால் கூட்டத்துக்கு வந்து மூன்று மணி நேரம் பேசுவாள். டாக்டர் பயந்து அடுத்த மாதத்துக்குத் தள்ளிவிடுவார். ஆகையால் நிகழ்ச்சி நிரலில் 'தண்டவாளப் பராமரிப்பு' என்று மட்டும் போடச் சொல்கிறேன். அது பொய் இல்லை. அதைப் படித்துவிட்டு யாரும் வீட்டை விட்டுக் கிளம்ப மாட்டார்கள். அவள் ஒருத்திதானே.

உனக்குச் சம்மதமா?

வெர்லின்


ஹார்ட்விக்
மார்ச் 22

அன்புள்ள அண்ணா,

ஆர்டெல் என் மாவட்டத்துக்காரி. எனக்கு ஓட்டுப் போட்டவள் என்றுதான் நினைக்கிறேன். ஒரு வாரம் இதையே மென்றுகொண்டிருந்தேன். கடையில் அவளைப் பார்த்துவிட்டு வேறு வரிசைக்குப் போய் நின்றேன்.

சம்மதம். ஆர்டெல் ஒருத்திக்காக ஒரு ஊரைப் பலி கொடுக்க முடியாது. நாலு நாள் கத்துவாள், பிறகு லாரி வாங்கிக்கொள்வாள். முன்கூட்டி யாரும் அவளிடம் சொல்ல வேண்டாம்.

ஈஸ்டருக்கு ஹாம் நான் கொண்டுவருகிறேன். லவோனிடம் உருளைக்கிழங்கு மட்டும் செய்யச் சொல்.

மார்லிஸ்


ப்ராண்ட்
ஏப்ரல் 13

அன்புள்ள மார்லிஸ்,

நாலு நிமிடம். இந்த வாரியம் காபிப் பாத்திரம் வாங்குவதற்கு நாற்பது நிமிடம் பேசியிருக்கிறது. டாக்டர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்து முடிப்பதற்குள் ஓட்டெடுப்பு முடிந்துவிட்டது. "என்ன, அவ்வளவுதானா?" என்று கேட்டாரே, அந்த முகத்தைப் பார்த்தாயா?

பத்திரிகைக்காரன் மட்டும் போகும்போது என்னிடம், "பிப்ரவரியில அண்ணனும் தங்கையும் அடிச்சுக்காத குறை. இப்ப இப்படி? நடுவுல என்ன நடந்துச்சு?" என்றான். "ஈஸ்டர் வருதுல்ல" என்றேன்.

ஹாம் மறக்காதே.

வெர்லின்


ஹார்ட்விக்
மே 5

அன்புள்ள அண்ணா,

பத்திரிகைக்காரன் ஈஸ்டரோடு விடவில்லை. வாரிய உறுப்பினர்கள் ஒருவருக்கொருவர் எழுதியது எல்லாம் வேண்டும் என்று மனுக் கொடுத்திருக்கிறான். வக்கீல் என்னைக் கூப்பிட்டு, "லெட்டர் எழுதினீங்களா?" என்று கேட்டார். எழுதினோம் என்றேன். "எத்தனை?" என்றார். எண்ணிப் பார்த்ததில்லை என்றேன். பேனாவை மேசையில் வைத்துவிட்டு ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மூன்றில் இரண்டு பேர் எழுதி முடிவெடுத்தால் அதுவும் கூட்டம்தானாம். அறிவிப்பு ஒட்டாத கூட்டம். அப்படியானால் பிப்ரவரியிலிருந்து நீயும் நானும் தபால் பெட்டி வழியாகக் கூட்டம் நடத்திக்கொண்டிருந்திருக்கிறோம். ஏப்ரல் ஓட்டுச் செல்லாது. ஜூன் 13 மறுபடி கூட்டம், மறுபடி ஓட்டு. ஓட்டுக்கு முன் கடிதங்கள் எல்லாவற்றையும் கூட்டத்தில் வாசிக்க வேண்டும்.

என் கடிதங்கள் உன்னிடம், உன் கடிதங்கள் என்னிடம். இரண்டு பேரும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். இதையும் சேர்த்துத்தான். இதற்குப் பதில் எழுதலாமா கூடாதா என்று எனக்குத் தெரியவில்லை.

மார்லிஸ்


ப்ராண்ட்
மே 9

அன்புள்ள மார்லிஸ்,

உன்னுடையது எல்லாவற்றையும் கொடுத்துவிட்டேன். மார்ச் 22 கடிதத்தைக் கொடுக்கும்போது கை கொஞ்சம் தயங்கியது. கொடுத்தேன். சட்டம் சட்டம்தான். நீயும் என்னுடையதைக் கொடுத்துவிடு.

இங்கே நிலைமை நன்றாக இல்லை. எங்கள் மாவட்ட சபைதானே என்னை வாரியத்துக்கு அனுப்பியது, அதில் இரண்டு பேர் என்னை எடுத்துவிட்டு க்ளீட்டஸை உட்கார வைக்கலாம் என்று பேசுகிறார்கள். அவனைத் தெரியுமல்லவா? பத்தொன்பது மைலையும் நாளைக்கே பெயர்க்க வேண்டும் என்கிறவன். கடிதங்களில் என்ன இருக்கிறது என்று பார்த்துவிட்டு முடிவு செய்வார்களாம்.

வெர்லின்


ப்ராண்ட்
ஜூன் 15

மார்லிஸ்,

என் போன கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. இதற்கு எழுத வேண்டும்.

நீ என் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாய். நடந்தது உனக்கும் தெரியும். ஆனாலும் எழுதுகிறேன், ஏனென்றால் நான் பார்த்தது வேறாக இருக்கலாம்.

நூற்றிருபது பேர். நின்றவர்கள் தனி. முதல் வரிசையில் ஆர்டெல், வேலைத் தொப்பியோடு. குமாஸ்தா ஜெனீன் ஒவ்வொரு கடிதமாகப் படித்தாள். உன் ஹேர்பின் வந்தபோது கூட்டம் சிரித்தது. நான் அடுத்து என் மார்ச் 15 கடிதம் வரும் என்று மேசையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அது வரவில்லை. நேராக உன்னுடையது வந்தது.

"நிறுத்தும்மா" என்றாள் ஆர்டெல். "அந்த வரியை இன்னொரு தடவை படி."

ஜெனீன் படித்தாள்.

"லாரி வாங்கிக்குவேனாமே. யார் வாங்கித் தரப் போறா, இந்தம்மாவா?"

யாரும் சிரிக்கவில்லை. நீ தலையைக் குனியவில்லை. அதை நான் கவனித்தேன்.

"நான் சண்டை போட வரல" என்றாள். "ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். அந்த ஆறு மைலை உங்க மூணு பேர்ல யாராவது நடந்து பாத்திருக்கீங்களா? தொண்ணூத்தேழு வெள்ளத்துல அடிச்சுக்கிட்டுப் போனதும் புதுசாப் போட்ட கனத்த தண்டவாளம் அது. இந்தப் பாதையிலேயே நல்ல இரும்பு என் வயலுக்குப் பின்னாடிதான் கிடக்கு. அதைப் போய்ப் பழைய இரும்புக்காரனுக்கு எடைக்குப் போட இருந்தீங்களே, உங்களை என்ன சொல்ல? பாதியைத் தெற்கே தேஞ்சுபோன வளைவுல போடுங்க. மீதியை இன்னொரு ரயில்காரனுக்குத் தண்டவாளமாவே வித்தா பாலமே முழுசா கட்டலாம்."

டாக்டர் கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்திவிட்டார். "அப்ப உங்க வேகன்?" என்றார்.

"ஹார்ட்விக்ல என் இயந்திரத்தை நிறுத்த ஒரு ஓரம் குடுங்க. மாசம் ரெண்டு வேகன். எனக்கு அது போதும். கேட்டிருந்தா நானே குடுத்திருப்பேன் ஐயா. ஒரு போன். பத்து நிமிஷம்."

அப்படியே தீர்மானம் ஆனது, மூன்று ஓட்டு. உன் ஊர் தப்பித்தது. வெளியே வந்ததும் ஆளாளுக்கு என் முதுகில் தட்டிக் கொடுத்தார்கள், ஏதோ உன்னிடம் நான் மாட்டிக்கொண்டவன் போல. உன்னிடம் ஒருவரும் பேசவில்லை. நீ தனியாகக் கார் வரைக்கும் நடந்து போனாய்.

என் கடிதம் எங்கே?

வெர்லின்


ஹார்ட்விக்
ஜூன் 19

அண்ணா,

என் மேசை இழுப்பறையில் இருந்தது.

உன் மே கடிதத்தைப் படித்ததும் எனக்கு ஒன்றுதான் தோன்றியது. 'அவள் ஒருத்திதானே' என்று உன் கையெழுத்தில் உன் சபை பார்த்தால், ஜூனில் என் பக்கத்தில் க்ளீட்டஸ் உட்கார்ந்திருப்பான். பத்தொன்பது மைலும் போயிருக்கும். என் ஊருக்கு உன் ஓட்டு வேண்டியிருந்தது. என் பெயர் கெட்டால் என்னோடு போகும். ஆகவே மற்றதை எல்லாம் கொடுத்துவிட்டு இதை மட்டும் வைத்துக்கொண்டேன். ஜெனீனிடம், "அவ்வளவுதான், வேற இல்ல" என்றேன். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தேன், யாரும் சோற்றைக் கிளறவில்லை.

உன்னைக் காப்பாற்றச் செய்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. உன் மேல் எனக்குக் கோபம். நீ சட்டப்படி என் கடிதங்களைக் கொடுத்தாய். சரி. ஆனால் அந்த அறையில் உன் கடிதம் வாசிக்கப்படவில்லை என்று தெரிந்த ஒரே ஆள் நீ. எழுந்து சொல்லியிருக்கலாம். முதுகில் தட்டினார்களாம். தட்டிய கையை எடுக்கச் சொன்னாயா?

ஓட்டு விழுந்து முப்பது நாளுக்குள், ஜூலை 13க்குள், யாராவது ஆட்சேபம் போட்டால் இதுவும் செல்லாது என்று வக்கீல் சொல்லியிருக்கிறார். கடிதத்தை ஒளித்தது தெரிந்தால் ஆர்டெல் போடலாம். போட்டால் எல்லாம் முதலிலிருந்து. அது எனக்குத் தெரியும். இருந்தாலும் இந்த இழுப்பறையை இனிமேல் திறந்து மூட என்னால் முடியவில்லை. கடிதத்தை இதோடு வைத்திருக்கிறேன். என்ன செய்ய வேண்டுமோ செய்.

மார்லிஸ்


ப்ராண்ட்
ஜூலை 1

அன்புள்ள மார்லிஸ்,

கவரைப் பிரித்ததும் அடுப்பைத்தான் பார்த்தேன். மறைக்க என்ன இருக்கிறது. லவோன் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எதிர்த்துப் பேசி எரித்தே இருப்பேன்.

வக்கீலிடம் ஒரு நகல், எங்கள் மாவட்ட சபைக்கு ஒரு நகல் கொடுத்தேன். செவ்வாய்க்கிழமை என்னை எடுத்துவிட்டார்கள். அடுத்த கூட்டத்திலிருந்து க்ளீட்டஸ். நன்றி சொல்லி ஒரு தீர்மானம் கூடப் போடவில்லை. பதினொரு வருடம் உட்கார்ந்த நாற்காலி, ஒன்றும் இல்லை என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து புல்லை வெட்டினேன். வெட்டின இடத்தையே திரும்ப வெட்டினேன்.

பிறகு ஆர்டெல் வீட்டுக்குப் போனேன். அவள் இயந்திரத்துக்கு அடியில் படுத்திருந்தாள், பூட்ஸ் மட்டும் தெரிந்தது. கடிதத்தைப் பூட்ஸுக்குப் படித்தேன்.

உள்ளிருந்தே கேட்டாள். "ஒருத்திதானேன்னு எழுதினது நீயா?"

"நான்தான்."

"அப்ப அன்னிக்கு உன் தங்கச்சி மட்டும் எதுக்கு அடி வாங்கிக்கிட்டு உக்காந்திருந்தா?"

"என் ஓட்டு வேணும்னு."

"நீ எதுக்கு உக்காந்திருந்தே?"

பயமாக இருந்தது, அதுதான் உண்மை. அதைச் சொல்வதற்கும் பயமாக இருந்தது.

அவள் வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டாள். "ஆட்சேபம் போட பதிமூணு வரைக்கும் நாள் இருக்குல்ல? ஃபாரம் வாங்கி வச்சிருக்கேன். நீயாவது வந்தே. அவ ஏன் இன்னும் வரல? என்னை லாரி வாங்கச் சொன்னவ, என் வீட்டுக்கு வழி தெரியாதா?"

மார்லிஸ், அவள் ஃபாரத்தில் கையெழுத்துப் போட்டால் மறுபடி ஓட்டு, அதில் க்ளீட்டஸ். உன் கிடங்கு மேலாளர் வேறு வேலை தேட வேண்டியதுதான். இதை உன்னைப் பயமுறுத்த எழுதவில்லை. ஊருக்காக நீ அவளிடம் போனால் அவள் ஒரு நொடியில் கண்டுபிடித்துவிடுவாள். என்ன சொல்லப் போகிறாய் என்று தெரிந்தபிறகு போ. ஆனால் போ.

வெர்லின்


ஹார்ட்விக்
ஜூலை 8

அன்புள்ள அண்ணா,

இப்போது நீ வாரியத்தில் இல்லை. நான் போன் செய்யலாம், எந்தச் சட்டமும் தடுக்காது. இருந்தாலும் இதை எழுதத்தான் வேண்டியிருக்கிறது. ஏன் என்று கடைசியில் சொல்கிறேன்.

வியாழக்கிழமை போனேன். ருபார்ப் தண்டை உள்ளே வைத்து ஒரு இனிப்பு சுட்டு வைத்திருந்தேன். கிளம்பும்போது அது லஞ்சம் மாதிரி தோன்றியது. அடுப்பு மேலேயே விட்டுவிட்டு வெறுங்கையோடு போனேன்.

வாசலிலேயே நிறுத்தினாள். "ஒரு போன் பண்ணிட்டு வந்திருந்தா காபி போட்டிருப்பேன்" என்றாள்.

வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனது ஒன்றும் ஞாபகம் வரவில்லை. "ஒரு பக்கம் முந்நூறு பேர், ஒரு பக்கம் நீ ஒருத்தின்னு எண்ணிப் பாத்தேன் ஆர்டெல். எண்ணினது தப்புன்னு இப்பவும் எனக்குத் தோணல. உன்கிட்ட சொல்லாம எண்ணினேன், அது தப்பு. கடையில உன்னைப் பாத்துட்டு வேற வரிசைக்கு ஓடினேன். அது அதைவிடத் தப்பு" என்றேன்.

"ஓடினதைப் பாத்தேன். உனக்கு என்ன அவசரமோன்னு நினைச்சேன்" என்றாள்.

பிறகு தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, "வா, நடக்கலாம்" என்றாள்.

ஆறு மைலும் நடந்தோம். ஜூலை வெயில், நான் சர்ச்சுக்குப் போகிற செருப்பு. முதல் இரண்டு மைல் அவள் பத்தடி முன்னாலேயே போனாள். பிறகு ஒவ்வொன்றாகக் காட்டினாள். எங்கே தண்ணீர் அடித்தது, எந்தக் கட்டை புதியது, எந்த இடத்தில் மான் குறுக்கே வரும், எஞ்சின்காரன் எங்கே வேகத்தைக் குறைப்பான். இரும்பில் அடித்திருந்த வருடத்தைக் குனிந்து படிக்கச் சொன்னாள். படித்தேன். பன்னிரண்டு வருடம் இந்தப் பாதைக்கு உறுப்பினராக இருக்கிறேன் அண்ணா. வரைபடத்தில் விரலால் எத்தனையோ முறை போயிருக்கிறேன். நடந்தது இதுதான் முதல் தடவை.

நாலாவது மைலில் எனக்குக் கால் கொப்பளித்துவிட்டது. ஒரு கட்டையில் உட்கார்ந்து அழுதேன். காலுக்காக என்று அவள் நினைக்கட்டும் என்று விட்டேன். அவள் தண்ணீர் பாட்டிலை நீட்டிவிட்டு, நான் எழுந்திருக்கிற வரைக்கும் பக்கத்தில் நின்றாள்.

ஹார்ட்விக் கிடங்கு தெரிந்ததும் நின்று, மேல்சட்டைப் பையிலிருந்து அந்த ஃபாரத்தை எடுத்தாள். பெயர், முகவரி எல்லாம் நிரப்பியிருந்தது. கையெழுத்து மட்டும் இல்லை. அதை மடித்து என் கையில் கொடுத்தாள்.

"என் இயந்திரத்தை எந்த ஓரத்துல நிறுத்தறதுன்னு காட்டு" என்றாள். காட்டினேன். அந்த இடம் சரியில்லை, சேறு தங்கும் என்றாள். வேறு இடம் காட்டினேன். கிடங்கு மேலாளர் எங்கள் இருவரையும் பார்த்துவிட்டு, என்ன கேட்பது என்று தெரியாமல் குளிர்ந்த சோடா கொண்டுவந்து கொடுத்தார். அவருடைய லாரியில்தான் திரும்பப் போய் என் காரை எடுத்து வந்தேன்.

இறங்கும்போது ஆர்டெல் கேட்டாள். "இதை உங்க அண்ணனுக்கு எழுதுவேல்ல?"

"எழுதுவேன்."

"எழுது. எனக்கு ஒரு நகல் அனுப்பு."

ஆகையால் இந்தக் கடிதம் இரண்டு கவரில் போகிறது.

மார்லிஸ்